பொங்கலுக்கு ஊரில் இல்லாத தன்னார்வலர்கள்: பசி மாதத்தில் பானை வைக்கலாமா?

கோரையாறு | ஜனவரி 2, இரவு 10.15

வணக்கம். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். வேளாண்மை படித்தவன். இப்போது மலாவியில், ஏரியை ஒட்டிய ன்கோட்டகோட்டா மாவட்டத்தில் சிறு நெல் விவசாயிகளோடு தன்னார்வலராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, வாடகை, சாப்பாடு, பஸ் செலவுக்கு மாதப்படி மட்டும். ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்கு வருவதாக இல்லை, ஆகவே இந்தப் பொங்கல் இங்கேதான்.

தீபாவளி போனதே தெரியவில்லை. பயிற்சி, பயணம் என்று ஓடிவிட்டது. பொங்கல் அப்படிப் போகாது போலிருக்கிறது. மார்கழி பிறந்ததிலிருந்து அம்மா "பானை கிடைக்குமா, கரும்பு கிடைக்குமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாமே கிடைக்கும். இந்த மாவட்டத்திலேயே துவாங்வாவில் பெரிய கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் உண்டு. மண்பானை வனைகிற பெண்கள் சந்தைக்கு வருகிறார்கள். அரிசிக்குக் கிலொம்பெரோ என்று நல்ல வாசனையுள்ள ரகம் இருக்கிறது. துவரைக்கும் பஞ்சமில்லை; நம் ஊர் சாம்பாருக்குப் போகும் துவரையில் ஒரு பங்கு இங்கிருந்துதான் கப்பலேறுகிறது. வருடத்துக்கு 50,000 டன் வரை இறக்குமதிக்கு அனுமதிப்பதாக 2021இல் இந்திய அரசு மலாவியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. விடுமுறையும் தானாக அமைந்துவிட்டது. ஜனவரி 15 இங்கே ஜான் சிலெம்ப்வே நாள். 1915இல் வெள்ளைக்கார ஆட்சியையும் தோட்ட முதலாளிகளையும் எதிர்த்துக் கிளர்ந்த பாதிரியார் அவர். நாடு முழுக்க லீவு. நமக்கும் இந்த வருடம் 15ஆம் தேதிதான் பொங்கல்.

பிரச்சினை வேறு. தை நமக்கு அறுவடை மாதம். இங்கே ஜனவரி என்றால் நடவு. மக்காச்சோளம் மார்ச், ஏப்ரலில்தான் கைக்கு வரும். மழையை நம்பிப் போட்ட நெல் மே, ஜூனில். போன வருடத்துச் சோளம் பல வீடுகளில் எப்போதோ தீர்ந்துவிட்டது. பின்னிய குதிர் வாசலுக்கு வாசல் நிற்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. நான் குடியிருக்கும் வீட்டு அம்மா இரண்டு வேளையை ஒரு வேளையாக்கிவிட்டார். பிள்ளைகள் மாங்காயைத் தின்று தண்ணீர் குடிக்கிறார்கள்.

இந்தத் தெருவில் நான் வாசலில் பானை வைத்து "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லலாமா? அல்லது கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கரண்டி அரிசி பொங்கி, சாமி கும்பிட்டு முடித்துக்கொள்வதா? வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள். சிங்கப்பூர், துபாயில் வேலைக்கு இருப்பவர்களின் பண்டிகை வேறு. அங்கே நம் ஆட்கள் நூறு பேர் சேர்ந்துவிடுவார்கள். இங்கே நான் ஒருவன்தான்.

குடமுருட்டி | ஜனவரி 3, காலை 7.30

தம்பி, கதவைச் சாத்திக்கொண்டு பொங்குவது மட்டும் வேண்டாம்.

நான் கம்போடியாவில் பட்டம்பாங் பக்கம் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இருந்தேன். இப்போது திருவையாற்றில் இருக்கிறேன். கெமர் புத்தாண்டும் நம் சித்திரை ஒன்றும் ஒரே சமயத்தில் வரும். நம் புத்தாண்டுதானே, நன்றாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த நாட்களில் ஊரே காலி. எல்லோரும் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். கடை பூட்டு, சந்தை பூட்டு, விடுதியில் விளக்கு எரிவது என் அறையில் மட்டும். நம் தீபாவளி, பொங்கல் அன்று அங்கே வேலை நாள் என்பதால் பொழுது போய்விடும். அவர்களுடைய பண்டிகையில்தான் தனிமை நெஞ்சை அடைக்கும். சக ஆசிரியை ஒருவர் "எங்கள் வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டார். உடனே கிளம்பிவிட்டேன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே பச்சும் பென் என்று இறந்தவர்களுக்குப் படைக்கும் பதினைந்து நாள் உண்டு. பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தோடு சேர்ந்தே வந்து அமாவாசையில் முடியும். அப்பா தவறிய வருடம் நான் அங்கே இருந்தேன். தம்பி இங்கே புஷ்ய மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்கப் போகிறான், நான் எங்கோ ஒரு வகுப்பறையில் இருக்கப் போகிறேன் என்ற நினைப்பே வதைத்தது. அந்த ஆசிரியையின் அம்மா அதிகாலை நான்கு மணிக்கு முன் என்னை எழுப்பி விகாரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒட்டரிசிச் சோற்றில் எள்ளைக் கலந்து உருண்டை பிடித்து வைத்திருந்தார்கள். இருட்டில் விகாரையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக வீச வேண்டும். அந்த அம்மா என் கையில் உருண்டைகளை வைத்து, அப்பா பெயர் என்ன என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னார். பிக்கு அந்தத் தாளைப் பார்த்து அவர்கள் வீட்டு முன்னோர் பெயர்களோடு என் அப்பா பெயரையும் வாசித்தார். மூன்று தடவை தடுமாறி, நான்காவதில் சரியாகச் சொன்னார்.

ஊரில் இருந்திருந்தால் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடுவது தம்பியின் வேலை. நான் கரையில் நின்றிருப்பேன். அங்கே என் கையால் செய்தேன். இதை எனக்குக் கொடுத்தது அந்த வீடு. நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவிடம் முதலில் கேளுங்கள். வாசலில் பானை வைக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான், நாங்கள் இல்லை.

கடற்கரைச்சாலை | ஜனவரி 3, காலை 11.05

எத்தியோப்பியாவில் இருக்கிறேன், வீடு வேளாங்கண்ணி. டிசம்பர் 25 இங்கே சாதாரண வேலை நாள். இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன்னால் நாற்பது நாளுக்கு மேல் நோன்பு: கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. 25ஆம் தேதி இரவு மொபைலில் ஊர்க் கோயில் பூசையைப் பார்த்துக்கொண்டு அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் நானும் நோன்பில் சேர்ந்துகொண்டேன். இன்னும் நான்கு நாள். இங்கே இருக்கும்வரை எனக்குக் கிறிஸ்துமஸ் 7ஆம் தேதிதான் என்று முடிவு செய்த பிறகு மனம் லேசாகிவிட்டது. வீட்டில் அம்மா குடிலை அதுவரை கலைக்காமல் வைத்திருக்கிறார்.

அரசலாறு | ஜனவரி 3, மதியம் 2.20

கோரையாறு, நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். தன்னார்வலர்களை அனுப்பி வைக்கும் அமைப்பு ஒன்றில் களப்பணி ஒருங்கிணைப்பில் நெடுநாள் இருந்தவள் நான்.

பசி மாதத்தில் வெளியாள் ஒருவர் சோறு போட்டால் அது பண்டிகையாக நிற்காது. எந்த வீட்டைக் கூப்பிட்டார், எந்த வீட்டை விட்டார் என்று பேச்சு தொடங்கும். மழைக்காலத்தில் உணவு உதவிக்கு ஊரில் பட்டியல் போடுவார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதில் ஏற்கெனவே மனத்தாங்கல் இருக்கும். அதற்கு நடுவில் உங்கள் விருந்து இன்னொரு பட்டியலாகிவிடும். உங்கள் ஒப்பந்தம் முடியும், அடுத்து வருகிறவர் நெல்லைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் "முன்னே இருந்தவர் சோறு போட்டாரே" என்பார்கள். உங்கள் மாதப்படியில் எத்தனை வீட்டுக்குப் போட முடியும் என்றும் யோசியுங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு மளிகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் மனசு எனக்குப் புரியாமல் சொல்லவில்லை.

கடைமடை | ஜனவரி 3, இரவு 9.10

தம்பி, எனக்கு வெளிநாட்டு அனுபவம் இல்லை. தலைஞாயிறு பக்கம் விவசாயம். பசி மாதம் தெரியும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது, நல்லது. என் சின்ன வயதில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். நடவு முடிந்திருக்கும், களையெடுப்பும் முடிந்திருக்கும், அறுவடைக்கு நாள் இருக்கும். தீபாவளியே கடனில்தான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. புது நெல்லைக் கண்ணால் பார்க்கும்வரை வழி கிடையாது. ஆகவே நீங்கள் சொல்கிற அந்தக் காலிக் குதிர் எனக்கு வேற்று நாட்டுக் காட்சி இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் அம்மா நடவுக்குப் போவார். நடவு நாளில் கரைக்குச் சோறு வரும். அதை யாரும் தருமம் என்று சொன்னதில்லை. குனிந்து நட்டவள் நிமிர்ந்து நின்று "இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டு வாங்குவாள். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும். யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

உங்களுக்கு அங்கே நடவு மாதம் என்கிறீர்கள். பொங்கலை வாசலில் வைக்காதீர்கள். வரப்பில் வையுங்கள். நடவுச் சோறாகப் போடுங்கள். அரசலாறு அம்மா சொன்ன பட்டியல் தொல்லையும் வராது; நட வந்தவர் எல்லோருக்கும் சோறு, அவ்வளவுதான் கணக்கு.

ஓடம்போக்கி அம்மா | ஜனவரி 4, காலை 6.40

எல்லோரும் பிள்ளைகள் பக்கமிருந்து எழுதுகிறீர்கள், வீட்டில் இருக்கிற எங்களைப் பற்றியும் நான்கு வார்த்தை. திருவாரூர். என் மகள் உகாண்டாவில் காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஆள் வெளிநாட்டில். சிங்கப்பூர், துபாய், குவைத். பொங்கலுக்கு அவர்கள் வந்தால் பெட்டி இறங்கும். வராவிட்டால் பணம் வரும். என் மகளைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு அனுப்புகிறாள்?" அவள் ஒன்றும் அனுப்புவதில்லை, சாப்பாட்டுக்கு மட்டும்தான் தருகிறார்கள் என்று சொன்னால் முகம் மாறும். "அப்போ எதுக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டே விட்டார்கள். முன்பெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது "காது கேட்காத பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள், அதற்குத்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பி, உங்கள் அம்மாவுக்காக ஒரு விஷயம். பொங்கல் அன்று போன் செய்தால் "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா" என்று இரண்டு வார்த்தையில் முடிக்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்கள், அந்த வீட்டு அம்மா என்ன உடுத்தியிருந்தார், மழை பெய்ததா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். என் மகள் முதல் வருடம் எதையும் சொல்லவில்லை, நான் கவலைப்படுவேனாம். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் பெரிய கவலை. இப்போது அவள் பக்கத்து வீட்டுக் கோழி வரைக்கும் சொல்கிறாள், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். போன பொங்கலுக்கு இலை போட்டதும் போனை இலைக்கு மேலே நீட்டி எல்லாவற்றையும் காட்டப் போனேன். அவள் அப்பா என் கையைப் பிடித்துவிட்டார். "அவ பாத்து ஏங்குவா, முகத்தை மட்டும் காட்டு" என்றார்.

கனுவுக்கு அவளும் அங்கே மஞ்சள் சோறு பிடி வைத்தாள், தம்பிக்காக. எந்தக் காக்கை வந்து தின்றதோ, இவன் பரீட்சையில் தேறிவிட்டான்.

கூத்தாநல்லூர் | ஜனவரி 4, இரவு 11.50

நான் வங்கதேசத்தில், காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகளின் முகாம்களில் வேலை செய்கிறேன். முஸ்லிமுக்கு ஒரு ஆறுதல் உண்டு, எந்த நாட்டிலும் பெருநாள் தொழுகைக்குத் தோளோடு தோள் நிற்க ஆள் இருக்கும். நோன்புக் கஞ்சிதான் இல்லை. எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஈடாக எதையும் இதுவரை நான் குடிக்கவில்லை.

ஒரு யோசனை. பெருநாளில் எங்கள் அலுவலகத்து உள்ளூர் ஊழியர்கள் பஸ், லாஞ்ச் பிடித்துத் தங்கள் ஊருக்குப் போவார்கள். முகாமை மூட முடியாது, அங்கே இருப்பவர்களுக்குப் போக ஊரே இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து வந்த நாங்கள் அந்த நாட்களில் பணியை ஏற்றுக்கொள்கிறோம். நானும் பெருநாளில்தான் பணி செய்தேன். தொழுகை முடிந்ததும் முகாமுக்குள் போனால் மூங்கில் குடிசை ஒவ்வொன்றிலும் சேமியா வைத்துக்கொண்டு கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பண்டிகையில் வீட்டுக்குப் போக முடியாதது எனக்கு ஒரு வருடம். அவர்களுக்கு 2017 முதல் ஒவ்வொரு வருடமும். அங்கே உட்கார்ந்து என் ஏக்கத்தைப் பேச வாய் வரவில்லை. அவர்கள்தான் என் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள்.

தன்னார்வலராக இருப்பவர்கள் உள்ளூர்ப் பண்டிகைக்குப் பணியைக் கேட்டு வாங்குங்கள். சக ஊழியர் ஒருவர் தன் அம்மாவோடு இருப்பார்.

அக்கரைப்பேட்டை | ஜனவரி 5, காலை 5.55

இந்த இழையில் நான் எதிர்ப்பக்கம். தன்னார்வலர்கள் வந்து இறங்கிய ஊர்க்காரன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு உலகமே வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் ஒரு மாதிரி இல்லை. வந்து, படம் எடுத்து, பிஸ்கட் கொடுத்து, போனவர்களும் உண்டு. அவர்கள் முகம் எனக்கு ஞாபகமில்லை.

மூன்று வாரத்தில் பொங்கல் வந்தது. எங்கள் தெருவில் யாரும் பானை வைக்கவில்லை. துக்க வீட்டில் ஏது பண்டிகை. தகரக் கொட்டகையில் இருந்தோம், தை மாதத்திலும் உள்ளே அனல். ஒரு வெளிநாட்டுப் பெண், நர்ஸ், எங்கள் வரிசையில் புண்ணுக்குக் கட்டுப் போட வருவார். பொங்கல் அன்று அவருடைய ஆட்கள் லீவு எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார்கள், அவர் மட்டும் வந்தார். அன்று பண்டிகை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கையில் இனிப்பு கினிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும் போகாமல், என் அம்மா வலைக் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார். அவரும் ஒரு முனையை எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சாயந்திரம்வரை இருந்தார். அம்மா அன்று என் தங்கையைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாது என்பதால்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் பொங்கல் வைத்தபோது அம்மா முதல் கரண்டியைத் தனியாக எடுத்து வைத்தார். "அந்தப் புள்ள எந்த ஊர்ல இருக்கோ" என்றார்.

கோரையாறு தம்பி, பொங்கல் போடுவதா வேண்டாமா என்பது பெரிதில்லை. லீவு நாள் என்று வேறெங்கும் போய்விடாமல் அவர்களோடு இருங்கள். அந்த ஊர் அதைப் பேசும்.

கோரையாறு | ஜனவரி 5, இரவு 9.30

அண்ணே, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை.

குடமுருட்டி அக்கா சொன்னபடி வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் சங்கத் தலைவியிடம் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் நெல் விவசாயிகள் சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கடைமடை ஐயா சொன்ன நடவுச் சோற்றைப் பற்றிச் சொன்னதும் அவர் உடனே பிடித்துக்கொண்டார். காரணம் இருக்கிறது. பசி மாதத்தில் வீட்டில் தானியம் இல்லாதவர்கள் கன்யு என்று கூலிக்குப் போவார்கள். அடுத்தவர் வயலில் களையெடுத்துக் கொடுத்து அன்றன்றைக்குச் சோளமாவோ காசோ வாங்குவது. அப்படிப் போவதால் சொந்த வயலில் நடவு தள்ளிப் போகும், விளைச்சல் குறையும், அடுத்த வருடமும் அதே பசி. பல வருடமாக இங்கே ஓடும் சக்கரம் இது. அன்றைக்கு ஒருநாள் சோறு வயலிலேயே கிடைத்தால் கன்யுவுக்குப் போகாமல் சொந்த வயலில் நடலாம் என்றார். அரசலாறு அக்கா பயந்ததையும் அவரிடம் அப்படியே சொன்னேன். "அப்படியானால் நீ விருந்து போடாதே. அரிசி மட்டும் உன்னுடையது, மற்றது எங்களுடையது" என்று சொல்லிவிட்டார்.

அரசலாறு | ஜனவரி 6, காலை 8.00

அந்தத் தலைவி சொன்னது சரி. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதி வைக்காமல், படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பாமல் செய்யுங்கள்.

கோரையாறு | ஜனவரி 17, இரவு 8.45

நடந்ததை எழுதுகிறேன். ஓடம்போக்கி அம்மா, எதையும் விடவில்லை.

விடிவதற்குள் பெண்கள் நாற்று பறிக்கப் போய்விட்டார்கள். நான் சந்தையில் வாங்கின புதுப் பானையோடு போனேன். மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை. அம்மா பார்சலில் அனுப்பிய மஞ்சள் பொடியைக் குழைத்து நூலில் தடவி, பூசணிக் கொடித் துண்டு ஒன்றைச் சேர்த்துப் பானைக் கழுத்தில் கட்டினேன். இந்த மழையில் பூசணி எல்லா வீட்டுக் கொல்லையிலும் படர்ந்து கிடக்கிறது. அவர்கள் காயைவிட இலையைத்தான் அதிகம் சமைக்கிறார்கள், நிலக்கடலையை இடித்துப் போட்டு. ஒவ்வொருவரும் ஒரு கட்டு இலை, ஒரு கை கடலை, இரண்டு விறகு என்று கொண்டுவந்தார்கள். துவரை ஒரு வீட்டில் மிச்சமிருந்தது, அதுவும் வந்தது. வெல்லத்துக்குப் பதில் துவாங்வா பழுப்புச் சர்க்கரை. முந்திரி இல்லை, நிலக்கடலைதான். கிலொம்பெரோ அரிசி உதிரி உதிரியாக நிற்கும், பொங்கலுக்குக் குழையாது. நம் பச்சரிசிக்கு வைப்பதைவிட நன்றாகத் தண்ணீர் கூட்டி வைத்தேன்.

வரப்போரம் மூன்று கல் கூட்டி அடுப்பு. அம்மாவுக்குப் போன் போட்டேன், இங்கே எட்டரை, அங்கே பகல் பன்னிரண்டு. வீட்டில் பொங்கி முடித்து இலை போடுகிற நேரம். சிக்னல் சரியில்லாததால் படம் வரவில்லை, சத்தம் மட்டும்தான். பால் கிடைக்காததால் கஞ்சிதான் பொங்க வேண்டும். கிழக்குப் பக்கமாக நுரை ஏறி வழிந்தது. நான் "பொங்கலோ பொங்கல்" என்றேன். உடனே வயலில் நின்ற பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றிக் குரல் எழுப்பினார்கள். நம் குலவைதான். இங்கே கல்யாணத்துக்கு, பிள்ளை பிறந்ததற்கு, நல்ல சேதி எதற்கும் அப்படிச் செய்வார்கள். அதைக் கேட்டதும் போனில் அம்மாவும் குலவை போட்டார். அத்தையும் சேர்ந்துகொண்டார். இங்கே உள்ளவர்கள் போனைச் சுற்றி ஓடிவந்து மறுபடி போட்டார்கள். அம்மா மறுபடி. எவ்வளவு நேரம் இப்படிப் போனதென்று சொல்லத் தெரியவில்லை, சோறு அடிப்பிடிக்கப் பார்த்தது.

நடுவில் நல்ல மழை. யாரும் கரையேறவில்லை. ஒரு பையன் தகரத்தைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கயிறு பிடித்து வரிசை நடவு காட்டித் தருவதாகத் திட்டம், அதைப் பாதி வயலில் செய்தோம். மீதியை அவர்கள் வழக்கப்படி நட்டார்கள், நானும் அவர்களோடு குனிந்தேன். பிள்ளைகளுக்கு முதலில் பொங்கல், அப்புறம் எல்லோருக்கும் சோறும் துவரையும் கீரையும். வீட்டு அம்மா மூன்று தடவை கேட்டு வாங்கினார். கடைமடை ஐயா சொன்னது அப்போது கண்முன் நின்றது. அவர் உடுத்தியிருந்தது பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சுற்றுத்துணி. என் அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் வயதான அம்மா ஒருவர், இது எதற்குச் செய்வது என்று கேட்டார். எங்கள் ஊரில் நெல் அறுத்ததும் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்வது என்றேன். "இன்னும் அறுக்கவே இல்லையே. அறுக்கும்போது பானையை எடுத்துக்கொண்டு வா, அப்போது அரிசியும் எங்களுடையது" என்றார். ஆக, ஜூனில் இன்னொரு பொங்கல் இருக்கிறது. ஊரில் அப்போது மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருப்பார்கள். பானையைக் கழுவிச் சங்கக் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

கடைமடை | ஜனவரி 17, இரவு 9.20

சபாஷ் தம்பி. நட்டது எத்தனை நாள் நாற்று? மழை இப்படி அடித்தால் வயது போன நாற்று தூர் கட்டாது. இங்கே சம்பா அறுவடை ஆரம்பம், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் படுதாவோடு காவல் இருக்கிறேன். பொங்கலும் இங்கேதான் போயிற்று.

வெட்டாறு | ஜனவரி 18, காலை 10.10

நானும் ஒரு கேள்வி கேட்கலாமா? புரட்டாசியில் நேபாளத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன், மலைக் கிராமத்துச் சுகாதார நிலையம். தீபாவளி அங்கேதான். அம்மா இப்போதே அழுகிறார். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

குடமுருட்டி | ஜனவரி 18, மதியம் 1.15

தங்கச்சி, என் தோழி ஒருத்தி அங்கே இருந்தாள், அவள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். நீ போய்ச் சேர்ந்ததும் தசைன் வரும், பதினைந்து நாள் பண்டிகை. அலுவலகமெல்லாம் மூடிவிடும், காத்மாண்டுவிலிருந்து வெளியே போகும் பஸ் எல்லாம் நிரம்பி வழியும். அதற்குள் உன் கிராமத்துக்குப் போய்விடு, நகரத்தில் மாட்டிக்கொள்ளாதே. கூத்தாநல்லூர் தம்பி சொன்ன மாதிரி அந்த நாட்களில் பணியை நீ எடுத்துக்கொள்ளலாம், உன்னோடு வேலை பார்ப்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

தீபாவளி சமயத்தில் அங்கே திஹார், ஐந்து நாள். முதல் நாள் காக்கைக்குச் சோறு வைப்பார்கள், அடுத்த நாள் நாய்க்கு மாலை போடுவார்கள், பசுவுக்கும் பூசை உண்டு, லட்சுமிக்கு விளக்கு. கடைசி நாள் அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு நெற்றியில் பொட்டு வைப்பார்கள். உன்னை ஏதாவது ஒரு வீட்டில் கூப்பிடுவார்கள், கட்டாயம் போ. பட்டாசைவிட விளக்குதான் அங்கே அதிகம், அதனால் இங்கிருந்து அகல் நாலைந்து துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ. மலையில் ஐப்பசிக் குளிர் நம் ஊர்க் குளிர் இல்லை, நல்ல கம்பளி கட்டாயம். தீபாவளி மருந்தை அம்மா கையால் கிளறி ஒரு டப்பாவில் வாங்கிக்கொள். அவருக்கும் அழுவதற்குப் பதில் செய்ய ஒரு வேலை இருக்கும்.

எந்த மாவட்டம் என்று சொல், தோழியிடம் கேட்டுச் சொல்கிறேன்.